ஊஞ்சலைத் தள்ளிய கைகள்

தோழி,

இன்று அமாவாசை. அம்மனுக்கு ஊஞ்சல் கட்ட, கோயிலில் சங்கிலிக் கொக்கிகளுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை பட்டதும் உன் இரண்டு வீட்டார் மேலும் இருக்கும் பழைய கோபம் அப்படியே கிளம்பிவிட்டது.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பள்ளியில் நாம் இருவரும் தமிழ் ஆசிரியைகளாக இருந்தோம். ‘ஊசலாட்டம்’ என்றால் நிலையின்மை என்று உரைநூலில் இருக்கும். உனக்கு அது பிடிக்காது. ஊஞ்சலுக்கு ஊசல் என்பதுதான் பழைய பெயர், அதிலிருந்து வந்த சொல் இது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, தானாக ஆடும் ஊஞ்சலை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பாய்.

அணுபுரத்தில் உன் கணவர் அடித்துத் துரத்துவார். அச்சரப்பாக்கத்தில் அப்பா வீட்டுக்குப் போவாய். அவர் ஒரு வாரம் சோறு போட்டு, அனுசரித்துப் போகச் சொல்லி மறுபடி பஸ் ஏற்றிவிடுவார். செங்கல்பட்டில் அறை தேடினோம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் தரவில்லை. என்னோடு வந்து இரு என்றேன். என் மாமியாரிடம் நான் படும் பாட்டைப் பார்த்து நீயே வேண்டாம் என்றுவிட்டாய்.

இரு வீட்டாரும் கூடிப் பேசிய அன்று உனக்குத் துணையாக வந்திருந்தேன். உன் மாமனார் சொன்னார்: “உம் பொண்ணு மனசு ஒரு நெலயில இல்ல. ஊசலாடிக்கினே கீது.” உன் அப்பா அதற்குத் தலையாட்டினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: “அவங்க இங்க தள்றாங்க, இவரு அங்க தள்றாரு. ஆடறது மட்டும் நானாம்.”

இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரு மழைக்காலத்தில், அப்பா திருப்பி அனுப்பிய வழியில் பஸ் நிறுத்தத்திலேயே விழுந்து உயிரை விட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் நடந்த கூத்தை நீ பார்க்கவில்லை. எங்கள் மருமகள், எங்கள் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார் மாமனார். பெற்றவன் நான் என்று கத்தினார் அப்பா. இருந்தவரை ஒருவருக்கும் வேண்டாதவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

அந்தச் சொல் இப்போதும் பாடத்தில் வருகிறது. கரும்பலகையில், ‘பிறர் தள்ளுவதால் ஆடுதல்’ என்று எழுதிப்போடுகிறேன். யாரும்மா தள்றது என்று பிள்ளைகள் கேட்கும்போது, உன் இரண்டு வீட்டுப் பெயரும் வாய்வரை வந்துவிடுகிறது.