சேவல் மேல் போட்ட பழி

தோன்யி யாவோர்
அக்டோபர் 19

அன்பு மகள் ருஷிட்சாவுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், பசுவும் சுகம், உன் அப்பாவின் முதுகு மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வரும். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இல்லவே இல்லை என்று சாதித்த சளியை என் காதாலேயே கேட்டேன். பெர்கனில் மழை விடாது என்று தெரிந்துதானே போனாய், ஆஸ்பத்திரியில் ஒரு குடை, வீட்டில் ஒரு குடை என்று வைத்துக்கொள்வதற்கு என்ன. இந்தப் பார்சலில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, சுட்ட குடைமிளகாய் விழுது நான்கு புட்டி இருக்கிறது, ஒன்று உடைந்திருந்தால் காலுறையைத் துவைத்துவிட்டுப் போடு. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நாம் பேசும்போது உன் அப்பா காய்கறி நறுக்குகிறேன் என்று பக்கத்திலேயே நிற்கிறார். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் அவர் காய்கறி நறுக்கி நான் பார்த்ததில்லை.

ஆப்பிள் கிடங்கின் விரிசலைப் படத்தில் பார்த்துவிட்டு, வக்கீலைப் பார், வழக்குப் போடு, ஒப்பந்தம் எங்கே என்றெல்லாம் நீ எழுதியிருந்தாய். ஒப்பந்தம் நீதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு ஞானஸ்நானத் தொட்டியருகே உன்னைக் கையில் ஏந்தி நின்ற மனுஷனிடம் போய், கிடங்கு கட்டித் தருவதற்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடு என்று கேட்க உன் அப்பாவுக்கு வாய் வருமா. வுகோமான் உனக்கு ஞானத்தகப்பன், எங்களுக்குக் கூம். மேலே கடவுள், கீழே கூம் என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். கடவுளிடமாவது கோபித்துக்கொள்ளலாம், கூமிடம் முடியாது.

விரிசல் அதற்குள் வளர்ந்துவிட்டது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது, ஆகஸ்டில் விரல் நுழைந்தது, செப்டம்பரில் கட்டைவிரல் நுழைந்தது. சுவர் காய்கிறது என்றார் கூம், பூசிவிட்டுப் போனார். மறுபடி விட்டது, மறுபடி பூசினார். கதவு நிலையில் பிடிக்கிறது என்று தச்சன் மூன்று முறை சீவிவிட்டான், இன்னும் ஒரு முறை சீவினால் அது ஜன்னலாகிவிடும். தரையில் ஒரு ஆப்பிளை வைத்தால் அது தானாக உருண்டு வடக்கு மூலைக்குப் போய் நிற்கிறது. வேலை மிச்சம்தானே, ஆப்பிளே போய் அடுக்கிக்கொள்கிறது என்று நான் சொன்னேன், உன் அப்பா சிரிக்கவில்லை. நகரத்திலிருந்து வந்த இஞ்ஜினியர் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மூலை இறங்குகிறது, பக்கத்தில் தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள், அதுவரை உள்ளே ஒரு பெட்டியும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். கூம் போட்ட அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பது கூமின் முகத்தில் துப்புவதற்குச் சமம். தோண்டாவிட்டால் கிடங்கு இல்லை. கிடங்கு இல்லாவிட்டால் உறைபனிக்கு முன்னால் இந்த வருடத்து ஆப்பிள் மொத்தத்தையும் சாறு ஆலையில் குப்பையைப் போலக் கொட்ட வேண்டும். இன்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று உன் அப்பா ஐந்து முறை கூம் வீட்டுக்குப் போனார். ஐந்து முறையும் ராக்கியா சாராயம் குடித்துவிட்டு, அவர் வீட்டு நாயின் உடல்நிலையைத் தெரிந்துகொண்டு வந்தார்.

கடைசியில் கூமே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ஏப்ரலில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கான்கிரீட் போட்ட அன்று மூலையில் அவர் சேவல் அறுத்து வைத்தார் இல்லையா, அந்தச் சேவல் சரியில்லையாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கொடுத்தது ஒற்றைக்கண் சேவல். நல்லது ஒன்று இருந்தது, அதை மண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஊனமுள்ள சேவலை மூலை ஏற்றுக்கொள்ளாது, அதனால்தான் இறங்குகிறது என்று கூம் என் சமையலறையில் உட்கார்ந்து என் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டினார். பதினெட்டு டன் சுவரை ஒரு கோழியின் தலையில் வைத்துவிட்டு இரண்டு ஆம்பிளைகளும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அப்போதுதான் எனக்கு வழி பிடிபட்டது. சரி, தப்பு என்னுடையதுதான், நல்ல சேவலைத் தருகிறேன், அதே மூலையைத் தோண்டி முறைப்படி வைத்துவிடுவோம் என்றேன். கூம் கரண்டியைக் கீழே வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை, அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் சொன்னேன்.

போன சனிக்கிழமை தோண்டினோம். கூமும் அவர் பெண்டாட்டி தோப்ரிலாவும் கோயிலுக்கு வருகிற உடுப்பில் வந்திருந்தார்கள், நான் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன், உன் அப்பா கடப்பாரை போட்டார். அவ்வளவாகப் போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு சாணில் கான்கிரீட் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுப்பு மண், நம் பழைய எருக்குழியை மூடிய மண். அதைத் தாண்டி நெஞ்சளவு இறங்கினால்தான் மஞ்சள் களிமண் வரும் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒற்றைக்கண் சேவலின் எலும்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, அது அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. தோப்ரிலா புருஷனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூம் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கூமோ, சேவலை விட்டுடுங்க. அது மேல தப்பு இல்ல. பசங்க ஸ்டுட்கார்ட் போனதுக்கப்புறம் எனக்கு ஆள் கிடையாது. தனியாத்தான் வானம் தோண்டினேன். ரெண்டு சாணுக்கு மேல என்னால முடியல, குழிக்குள்ள இறங்கினா மூச்சு அடைக்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

உன் அப்பா கடப்பாரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் கூம். அன்னிக்கு நீ நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு குழியில உக்காந்திருந்ததை நான் பாத்தேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது, கூம் மேல் அல்ல. ஏப்ரலிலிருந்து தெரியுமாம். ஒருவர் முடியவில்லை என்று சொல்லவில்லை, இன்னொருவர் பார்த்தேன் என்று சொல்லவில்லை, நடுவில் சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாகிவிட்டது. நீங்கள் இருவரும் சுயமரியாதையை மட்டும் நல்ல ஆழத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சேவலைக் கூண்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கோயில் உடுப்போடு குழிக்குள் நின்று, எங்கே முதலில் தோண்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதமாகத் தேனும் பாலுமாகப் பேசிக்கொண்டவர்கள் முதல் முறையாகச் சண்டை போடுவதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது சுவருக்கு அடியில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தோண்டிக் களிமண் வரைக்கும் கான்கிரீட் நிரப்புகிறார்கள், அது இறுகும்வரை பக்கத்து இடத்தைத் தொடக்கூடாது, கொஞ்சம் தள்ளித்தான் அடுத்த குழி. இஞ்ஜினியர் சொன்ன கணக்கு. சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு பேரையும் நான் குழியிலிருந்து வெளியே வரச்சொல்கிறேன். அப்பாவின் முதுகுக்குக் காரணம் இதுதான். கூமை டாக்டரிடம் கூட்டிப்போகத் தோப்ரிலா வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. வசந்தம் வரை கிடங்கில் ஒன்றும் வைக்க முடியாது.

ஆப்பிள் என்ன ஆயிற்று என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை கூம் டிராக்டரோடு வந்து, எதுவும் கேட்காமல் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தார். அவருடைய இரண்டு மகன்களும் ஸ்டுட்கார்ட் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவர் வீட்டில் அவர்களுடைய இரண்டு அறையிலும் படுக்கை விரித்தபடியேதான் இருந்தது, யாரும் படுக்காத விரிப்பை மாதம் ஒரு முறை தோப்ரிலா மாற்றிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவளே மடித்து எடுத்தாள். கட்டில்களை நடையில் சாய்த்து வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சுவரோரமாகக் கூரை வரைக்கும் ஆப்பிளை அடுக்கினோம். சாயங்காலம் பெரியவன் போன் பண்ணியபோது, "உன் ரூம்ல ஆப்பிள் படுத்திருக்கு. வந்தா சொல்லிட்டு வா, இடம் பண்றேன்" என்று தோப்ரிலா சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவினாள். நான் அவற்றை மறுபடி துடைத்து அடுக்கினேன்.

கூமுக்கு ஒரு போன் பண்ணு, ஆழத்தைப் பற்றிக் கேட்காதே, நாயைப் பற்றிக் கேள். முப்பத்தொன்றாம் தேதி நம் குடும்பப் புனிதர் லூக்காவின் நாள், நீ எங்கே இருந்தாலும் ஒரு மெழுகுவத்தி ஏற்று, ரொட்டி சுட நேரம் இல்லாவிட்டால் வாங்கியாவது வை. சளி இறங்கும்வரை தலைக்குக் குளிக்காதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நிலைத்து நிற்கட்டும்.

ஒன்றே ஒன்று. எழுபது பெட்டி இன்னும் தாழ்வாரத்தில் இருக்கிறது, சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். உன் அறை வடக்குப் பார்த்தது, வெயில் வராது, எழுபது தாராளமாகக் கொள்ளும் என்று உன் அப்பா மூன்று நாளாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். நான் இன்னும் சாவியைக் கொடுக்கவில்லை. நவம்பர் பத்துக்குள் உறைபனி விழுந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா இல்லையா என்று அதற்குள் ஒரு வரி எழுது. வரவில்லை என்றாலும் எழுது, ஆப்பிளுக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஸ்தானோய்கா