ஐந்து தடவை கொடுத்த பால்

786

திருவண்ணாமலை,
23.11.1986

அன்பு மகன் ரியாசுதீனுக்கு அம்மா மெஹ்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மனைவி வஜீதாவும் ஐந்து மாதத்துப் பர்வீனும் அல்லாஹ் கிருபையில் சுகம், தம்மாமில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் நல்லபடி இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நாலு நாளாக விடாத மழை, மலை கண்ணிலேயே படவில்லை, தீபத்துக்குக் கடை போடுகிறவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பர்வீன் குப்புற விழுந்துவிட்டாள். நெற்றி உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையதுதான்.

உன் கடிதம் வந்தது. நான் மூன்று பக்கம் கேட்டதற்கு, போனேன், உண்மைதான், டாக்டர் கேட்டார், கொடுத்தேன், பேர் எழுதவில்லை என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டாய். மெட்ராசில் படிக்கும்போது ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததுபோல நினைத்தாயா? புருஷனிடம் குறை இருந்தால் காலேஜ் பையன்களிடம் வித்து வாங்கிப் பெண்ணுக்கு வைக்கிற டாக்டர் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும். பக்கத்து வீட்டு நசீருதீன் பிள்ளையில்லை என்று அழுதபோது அதே டாக்டர் விலாசத்தை எழுதிக் கொடுத்தவனும் நீதான். மஹ்பூபா அங்கே போய், வித்து நம்ம ஜனத்துப் பையனுடையதாக இருந்தால்தான் சம்மதம் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். தன்னிடம் வரும் பையன்களில் நம்ம ஜனம் ஒருத்தன்தான் என்று டாக்டரே சொன்னாராம், அது நீதான். இதையெல்லாம் அவள் என்னிடம் நம்பிக்கையாகச் சொன்னாள், யாருடையது என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

எனக்கு அவள் சொல்வதற்கு முன்பே தெரியும். ஆடி மாதம் ஒரு மத்தியானம், துணி துவைக்கணும் என்று குழந்தை ஜாபரை என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். நல்ல வெயில், தெருவில் ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன், பிள்ளை அரைக்கண் திறந்தபடி தூங்குகிறது, கருவிழி மட்டும் மெதுவாக நகர்கிறது. உன் அத்தா அப்படித்தான் தூங்குவார், நீயும் அப்படித்தான். மய்யத்தாகக் கிடந்தபோது அவர் கண்ணை மூடியது இந்தக் கைதான், மூன்று வருஷம் கழித்து அதே கண் சின்ன முகத்திலிருந்து என்னைப் பார்த்தது. இமையை மெல்ல இழுத்து மூடினேன். கையை எடுத்தேன், மறுபடி திறந்துகொண்டது. பயந்துவிட்டேன் ரியாசு, பெற்ற வயிறு என்பதால் ஆசையும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும் என்று நீ படித்த படிப்பில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நசீருதீன் வேறு பர்வீன் பிறந்த நாளிலிருந்து, இவதான் எங்க வூட்டு மருமவ, இப்பவே சொல்லிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வக்கீல் சகாதேவனிடம் போய், தெரிந்தவர்கள் வீட்டு விஷயம் என்று கேட்டேன். கல்யாணமாகி ஒண்ணா இருக்கறவங்களுக்குப் பொறந்தா அது புருஷன் பிள்ளைதாம்மா, சாட்சியச் சட்டம் அப்படித்தான் சொல்லுது, கொடுத்தவன் பேச்சு வந்தா அந்தப் பொண்ணு மானம்தான் கோர்ட்டுக்கு வரும், இந்த மாதிரி வைத்தியத்துக்குன்னு தனிச் சட்டமே இன்னும் வரலையே என்றார். சரி, ஒரே ஆளுக்குப் பிறந்த ரெண்டு பேர் தெரியாமல் கட்டிக்கொண்டால் என்று கேட்டேன். தெரிஞ்சா கூடாது, ஆனா தெரியறதுக்கு வழி எங்க இருக்கு, எந்த ரிஜிஸ்தரைப் பாத்துத் தடுப்பாங்க என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது.

சட்டம் கையை விரித்த இடத்தில் நம் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. போன மாதம் மஹ்பூபா டைபாய்டில் படுத்துப் பால் வற்றியது. புட்டிப்பால் எதுக்கு, வஜீதா இருக்காளே என்று நானே பிள்ளையைத் தூக்கி வந்தேன். ஒரு மிடறு போதும் என்று சிலரும் ஐந்து தடவை வேண்டும் என்று சிலரும் சொல்வார்கள், நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஐந்து தடவையும் வயிறு நிறையக் கொடுக்க வைத்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாட்சியாகப் பார்த்தார்கள். ஏன் மாமி எண்ணறீங்க என்று வஜீதா கேட்டாள், நேர்ச்சை என்று பொய் சொன்னேன். அவளிடம் உண்மையைச் சொல்வது உன் கடமை, என்னிடம் தள்ளாதே. நசீருதீனுக்கு மருமகள் போனதில் ஒரு வாரம் முகம் தொங்கியது. பால் வழியில் ஜாபருக்கு நீயும் ஒரு தகப்பன், அவன் எனக்குப் பேரன். இப்போது பகிரங்கமாகத் தூக்கி முத்தம் கொடுக்கிறேன்.

நேற்று வரை நிம்மதியாக இருந்தேன். நேற்று மஹ்பூபா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபடி பழைய கதை பேசினாள். அந்த டாக்டர் வீட்டு பெஞ்சில் தன்னோடு புர்கா போட்ட பெண்கள் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருத்தி ஆம்பூர், ஒருத்தி ஆரணி, மூன்றாவது பெண் ஊர் பேர் சொல்லவில்லையாம். எல்லாரும் நம்ம ஜனத்துப் பையன்தான் வேணும்னு கேட்டாங்க மாமி என்றாள். கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு வந்து உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். போனேன் என்று எழுதியிருக்கிறாய், ஒரு தடவை போனேன் என்று எழுதவில்லை.

பர்வீனுக்குப் பதினெட்டு வயதாகும்போது பெண் கேட்டு ஆம்பூரிலிருந்தும் வருவார்கள், ஆரணியிலிருந்தும் வருவார்கள். அப்போது நான் இருக்கமாட்டேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, இதைப் படித்ததும் கிழித்துப் போடு. பதிலில் வேறு எதுவும் எழுத வேண்டாம், எத்தனை தடவை என்று மட்டும் எழுது.

உன் அம்மா,
மெஹ்ருன்னிசா அப்துல் ரசாக்