சங்கவிக்காக அப்பா வாங்கிய கடிதம்

சங்கவி,

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நான் வயலுக்குப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். உப்புக் கூடிவிட்டது, பேசாமல் சாப்பிடு. நீ வெளியில் போனால் கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதே. பூச்சாடிக்குக் கீழே வை.

மேல்படிப்புக்கு யாழ்ப்பாணமா கொழும்பா என்று இன்று பதில் அனுப்ப வேண்டும் என்றாய். யாழ்ப்பாணத்தில் மாமி வீடு இருக்கிறது என்று நேற்று நான் கத்தினேன். "அங்க படிக்கேலாதப்பா, விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கலியாணக் கதைதான்" என்றாய். அது உண்மை. என் தங்கச்சியின் வாய் எனக்குத் தெரியாதா?

ஆனால் கொழும்பை நான் நம்பமாட்டேன். தொண்ணூற்றேழில், லொட்ஜில் படுத்திருந்த என்னைப் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரை உறுதிப்படுத்த விதானையாரின் கடிதம் கையில் இல்லை என்று மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். "அது அந்தக் காலமப்பா" என்று நீ சொல்லிவிட்டாய். நித்திரையில் எனக்கு அது இன்னும் வருகிறது. களைத்துவிட்டேன், இனிச் சண்டை பிடிக்க ஏலாது.

அப்பா

இன்னொன்று. அலுமாரியில் உன் சான்றிதழ்களுக்கு மேலே ஒரு கடிதம் இருக்கிறது. நீ இந்த ஊர்ப் பிள்ளை என்று விதானையாரிடம் கையெழுத்து வாங்கினேன். "இப்ப இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை அண்ணை" என்று சிரித்தார். சிரிக்கட்டும். கொழும்புக்குப் போகும்போது அதைப் பெட்டிக்குள் போடாதே. கைப்பையில் வை.