ஒரே தடவை கேட்ட ஊர்

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். தள்ளுவண்டியில் ஊட்டி பிளம்ஸைக் குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் கனிந்த பழத்தின் அந்தப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "ஏனுங்க, நடுவழியில நின்னுட்டா எப்படிங்க?" என்று சலித்துக்கொண்டு போனார். நான் என்ன செய்வது? என் மனசு அப்போது ஜெர்மனியில் ஒரு கிராமத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கதையை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியிலேயே "சரி சரி" என்று எழுந்துவிடுகிறார்கள்.

ஆமாம், போய்விட்டு வந்தேன். தனியாகத்தான். சிநேகிதிகள் இரண்டு பேரும் ஒன்றாக வரிசையில் நின்று பாஸ்போர்ட் எடுத்தோமே, உன்னுடையதில் ஒரு முத்திரைகூட விழாமல் நீ ஒரேயடியாகக் கிளம்பிவிட்டாய். "டூர் கூட்டத்தோட போனா பட்டியில ஆட்டை அடைக்கற மாதிரி அடைச்சுப்போடுவாங்க அம்மணி. நாம ரெண்டு பேருமே போயிக்கலாம்" என்று சொன்னவள் நீ. அதனால் நீ இல்லாதபோதும் டூரில் சேர மனசு வரவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் எல்லோரும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்கள்.

எனக்குப் பாஷையும் பயமில்லை, குளிரும் பயமில்லை. என் வாய்தான் பயம். உனக்குத் தெரியாததா? யார் எதை நீட்டினாலும் முதலில் "வேண்டாமுங்க" என்றுதான் வரும். கேட்டதும் சரி என்றால் சோற்றுக்கு அலைகிறாள் என்று நினைப்பார்களே! நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், ஆனால் மூன்றாவது தடவை கேட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். நான் அதற்கும் அசைய மாட்டேன். கிணத்துக்கடவுக் கல்யாணத்தில் பரிமாறியவரிடம் நீ சொன்னாய்: "அவ வேண்டாம்னுதானுங்க சொல்லுவா. நீங்க பாட்டுக்கு வையுங்க." இத்தனை வருஷமும் என் பசியை எனக்குப் பதிலாக நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். இனிமேல் யார் சொல்வார்கள் என்பதுதான் விமானம் ஏறும்போது என் கவலை.

முதல் சில நாட்கள் யாரையும் எதுவும் கேட்காமலே ஓட்டிவிட்டேன். அறையில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் இருந்தது. அங்கே கடையில் கிடைத்த அரிசி சேமியாவை அந்த வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, கொண்டுபோன பருப்புப்பொடியைத் தூவி, நம் ஊர்ச் சந்தகை என்று பெயர் வைத்துக்கொண்டேன். "இதைப் போய்ச் சந்தகைன்னு சொன்னா எங்கம்மா எந்திரிச்சு வந்து அடிப்பாங்க" என்றிருப்பாய். பஸ்ஸுக்கும் இதே கதைதான். போகவேண்டிய ஊரின் பெயரைச் சீட்டில் எழுதி டிரைவரிடம் காட்டுவேன், அவர் தலையாட்டினால் ஏறிக்கொள்வேன். ஒரு தடவை நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். சரி, வந்தது வந்தோம் என்று அந்த ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரி பார்க்கப் போன கிராமத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. காலையில் தின்ற ரொட்டியோடு சரி. திரும்ப பஸ்ஸும் கிடையாது. ரயிலடி வெகுதூரம், சாயங்கால ரயிலை விட்டால் அன்றைக்குத் தங்க இடமில்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் வயதான தம்பதி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் பிளம்ஸ் பதித்த கேக், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள் போல. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. வழி கேட்டேன். சொல்லிவிட்டு, "கேக் சாப்பிடுகிறீர்களா?" என்றார். "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சரி என்று தலையாட்டி, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்! அவ்வளவுதான். அடுத்து அவர் கணவர், இரண்டொரு இங்கிலீஷ் வார்த்தையும் கையசைப்புமாக, தான் டிராக்டரில் ரயிலடிப் பக்கம்தான் போவதாகவும், வருகிறீர்களா என்றும் கேட்டார். "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரோட்டில் நின்றேன். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று உண்மையாகவே காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் தப்பே இல்லை, நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நீ நிற்க வேண்டிய இடத்தை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் டிராக்டர் கிளம்பும் சத்தம். "ஏனுங்க! நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன், சுத்தத் தமிழில். அந்த மனுஷன் வெலவெலத்துப்போய் நிறுத்தினார். சத்தம் கேட்டு அந்த அம்மாவும் ஓடிவந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூச்சு வாங்கச் சொன்னேன்: "எனக்குப் பசிக்கிறது. ரயிலடிக்கும் போகவேண்டும். வேண்டாம் என்று சொன்னது பொய்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். டிராக்டரில் சக்கரத்துக்கு மேலே ஒரு சின்ன இருக்கை இருந்தது. காட்டில் உழ அப்பாவோடு டிராக்டரில் போனவளுக்கு அதில் ஏறச் சொல்லியா தரவேண்டும்? ரயிலில் இரண்டு துண்டையும் நானே தின்றேன். உனக்கென்று எடுத்து வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று சொல்லவேண்டும். நீ போனபிறகு உன் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்தேன். "சாப்புடறீங்களா பெரியம்மா?" என்று உன் மகள் கேட்பாள். "வேண்டாம் கண்ணு, இப்பத்தான் ஆச்சு" என்பேன். அவளுக்கு உன்னைப் போல அடம்பிடிக்க வராது, விட்டுவிடுவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன். ஊர் திரும்பிய மறுநாள் நேராக அங்கேதான் போனேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பசிக்குது கண்ணு. சோறு போடு" என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "அம்மா போனதுக்கப்புறம் எங்கூட்ல நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு நெனச்சுட்டேன் பெரியம்மா" என்றாள்.

இலையை நானே எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இப்போது வாரம் தவறாமல் அங்கே சாப்பிடுகிறேன். ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கல்தான், உன் கைப்பக்குவம் இல்லை. ஆனால் அவள் இன்னொரு கரண்டி எடுக்கும்போது இலைமேல் கையை வைத்து மறைப்பதில்லை.