மூட்டுவலிக் குளிசையும் மூன்று நாள் நல்ல பிள்ளையும்

அன்பான அண்ணா,

அன்பு என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். நீ செத்துப் போய் எட்டு மாதமாகிறது, என் கோபம் இன்னும் ஆறவில்லை. நம் ஊர் மஹய்யாவயில் எல்லோரும் உன்னைத் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள். தங்கமான மனுஷன் டொக்டரிடம் பொய் சொல்வானா?

முப்பது வருடம் தண்ணீர் மீட்டர் பார்க்கிறேன் என்று கண்டி மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினாய். முதலில் முழங்கால் தேய்ந்தது. பிறகு இதயம் பலவீனமானது. உடம்பில் சேர்கிற நீரை இறக்க கிளினிக்கில் குளிசை தந்தார்கள்.

அண்ணி குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தபோது சோப்பு, பவுடர், தைலத்தோடு வலிக் குளிசையும் கொண்டுவந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவதுதானே? சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். நீயும் போட்டாய். கால் வீங்கியது.

அடுத்த கிளினிக்கில் அண்ணி அந்த அட்டையைக் காட்டியதும் டொக்டர் சத்தம் போட்டார். வலித்தால் பரசிட்டமோல், அதுவும் சொன்ன அளவுக்கு மட்டும், வேறு எதுவானாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்றார். அன்றே அண்ணி அலுமாரியில் இருந்த அத்தனை அட்டையையும் குப்பையில் கொட்டினாள். என்னிடமும் வந்து சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்ததாலேயே நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய்? நேராக என்னிடம் வந்தாய்.

"தங்கச்சி, அந்த வலிக் குளிசை நம்ம பாமசியிலயும் இருக்காம். ஒரு அட்டை வாங்கிட்டு வா. அவகிட்ட சொல்லிடாத."

நான் வாங்கினேன். யாருக்கு என்று பாமசியில் கேட்டபோது, எனக்குத்தான், முதுகுவலி என்றேன். பெண்டாட்டியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாயே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த அற்பப் பெருமைக்காக வாரா வாரம் வாங்கிக் கொடுத்தேன்.

கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது வலிக் குளிசையை நிறுத்திவிடுவாய். வீக்கம் கொஞ்சம் வற்றிவிடும். "டொக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கணும்ல?" என்று சிரிப்பாய். விருந்தாளி வருவதற்கு முன் வீடு கூட்டுகிற மாதிரி, உடம்பைக் கூட்டி வைத்துக்கொண்டு போனாய். வேறு மருந்து எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்பார், இல்லை என்று அண்ணி சத்தியமாகச் சொல்வாள். உனக்கு வெட்கமே வரவில்லையா?

கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வார்டில் கிடந்தாய். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அண்ணி இல்லை என்றாள். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். சொல் என்று பார்த்தாயா, சொல்லாதே என்று பார்த்தாயா?

உன் கருமாதியன்று சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணியிடம் கத்தினேன். "குவைத் குளிசையக் கொடுத்தே எங்கண்ணன சாகடிச்சிட்டீங்களே!" தலை குனிந்தவள், இன்றுவரை நிமிரவில்லை.

இப்போது அந்தப் பாமசியில் மடவளை ஊர்ப் பிள்ளை ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வலிக்கோ சளித் தடிமலுக்கோ குளிசை கேட்டால், ஹார்ட் வருத்தமா, பிரஷரா என்று விசாரித்து மருந்து எழுதிய கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்கிறாள். போன கிழமை ஓர் ஆள் அவளோடு சண்டைக்கு நின்றான். "கடையில சும்மா விக்கிற குளிசைக்கு என்னத்துக்குக் கொப்பி?" நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் விலக்கிவிடும் அளவுக்குப் பேசிவிட்டேன்.

அவன் போன பிறகு அவளிடம் கேட்டேன். சில வலிக் குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடுமாம், நீர் இறக்கும் குளிசையை வேலை செய்ய விடாதாம். சில தடிமல் குளிசைகள் பிரஷரை ஏற்றுமாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கிற குளிசை பலவற்றில் உப்பு கூடுதலாம். "கேட்டா சொல்லுவம்தானே, யாரும் கேக்கிறல்லயே" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அவள் என்ன செய்வாள்? முதுகுவலி என்று பொய் சொன்னவள் நான்.

நான் வாங்கித் தந்ததுதான் உன்னைக் கொன்றது என்று யாரும் எழுதித் தரவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் வாங்கித் தந்ததே யாருக்கும் தெரியாது. எட்டு மாதமாக அந்தப் பழியை அண்ணி சுமக்கிறாள். சாப்பாடும் சரியில்லை, கோயிலுக்கும் போவதில்லை என்கிறார்கள். அவளை எனக்கு இன்னும் பிடிக்காது. அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். அன்று கத்தியதைக் கேட்ட சொந்தக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று அண்ணியிடம் சொல்வேன். வார்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொல்வேன். அவள் என்னை அடித்தாலும் கையைத் தடுக்க மாட்டேன், இது உனக்குத் தரும் சத்தியம்.

உன்னையும் தன்னையும் மன்னிக்காத
உன் ஒரே தங்கச்சி,
மல்லிகா