நான் அடிக்காத அடி

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் மகள் குசினியில் கைப்பேசியில் பாட்டுப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ இங்கிலீசுப் பாட்டு என்று முதலில் காதில் எடுக்கவில்லை. பிறகு அந்த ட்ரம்ஸ் உள்ளே வந்தது. பம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"உந்தப் பாட்டைத் திருப்பி முதலிலையிருந்து போடு பிள்ளை."

"அப்பா, உங்களுக்கு உந்தப் பாட்டுத் தெரியுமே?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

தெரியுமாவது! ஒரு வருசம் கால் நோக மிதித்துக் கேட்ட பாட்டு. ஆனால் நேற்றுக் கேட்டது நீயும் நானும் கேட்ட பாட்டில்லை. அதே ஆள், அதே அடி, சத்தம் மட்டும் வேறு. அவனுடைய பெரிய ட்ரம் நாங்கள் நினைத்ததைவிடச் சுருதியில் மேலே நிற்கிறது. இறுக்கமாக, திறந்த வாயோடு பேசுகிறது. நாங்கள் பாடுபட்டுக் கட்டிவைத்த ட்ரம் அதைவிட எவ்வளவோ கீழே கிடந்தது. நாலு தரம் போடச் சொல்லிக் கேட்டேன். நாலு தரமும் அப்படியேதான் இருந்தது. முப்பது வருசமாக எழுதாத இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் அந்தப் பாட்டைக் கேட்ட கசெற் உன்னோடு கப்பலில் வந்தது. எண்பத்து மூன்றில் கொழும்பில் உங்கள் வீட்டை எரித்த பிறகு, காங்கேசன்துறையில் வந்து இறங்கிய உன்னிடம் இருந்தவை ஒரு களிசானும் அதன் பொக்கற்றுக்குள் கிடந்த அந்தக் கசெற்றும்தான். மேலட்டையும் இல்லை, போட்டுக் கேட்க உங்களிடம் ரேப்பும் இல்லை. அந்த ட்ரம்ஸ்காரனின் பெயர் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நீ அவனைப் 'பெரியவர்' என்றே சொல்லுவாய், ஏதோ கோயில் ஐயரைச் சொல்வது மாதிரி. "பெரியவர் செத்துப்போனார். ஆனா உந்தச் சத்தத்தை ஒருத்தராலையும் சாகடிக்கேலாது" என்பாய். எங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாளே என் பக்கத்தில் இருந்து மேசையில் இரண்டு விரலால் தட்டினாய். வாத்தியார் வந்து என் காதைத் திருகினார். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

தொண்ணூறில் மின்சாரம் போனது. ஊர் இசைக்குழுவில் வாசித்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்னமே கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் போயிருந்தார்கள். மிஞ்சிய ட்ரம்ஸை வைக்க ஒருவருக்கும் இடமில்லை என்று எங்கள் வெங்காயக் கொட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். நீ அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். "கரண்ட் இல்லாட்டி கிற்றாரும் ஓர்கனும் வெறும் பலகையடா. எங்கடை உரும்பிராயிலை இது ஒண்டுதான் இப்பவும் கதைக்கும்" என்றாய். கதைக்கத்தான் செய்தது, தடிமன் பிடித்து மூக்கடைத்தவன் கதைப்பது போல. கலியாண வீட்டுச் சினிமாப் பாட்டுக்கு அது போதும் என்று முன்பு வாசித்தவர் பெரிய ட்ரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்து வைத்திருந்தார். நீ அதை இழுத்தெடுத்து முற்றத்தில் எறிந்தாய். பஞ்செல்லாம் பறந்து அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தோல் கிழிந்திருந்தது. கொழும்பிலிருந்து சவர்க்காரமே வராத காலத்தில் ட்ரம் தோலுக்கு எங்கே போவது? ஆட்டுத்தோலை வாங்கி ஊறவைத்து, மயிர் வழித்து, வெயிலில் காயவிட்டுக் கட்டினோம். திருகாணிகளை இறுக்கும் சாவியைச் சைக்கிள் கடையில் ஒரு இரும்பை அராவிச் செய்வித்தோம். அதன் பிறகுதான் பெரியவரை எழுப்புகிற வேலை தொடங்கியது.

பற்றறி இல்லை. சைக்கிளைக் கொட்டிலுக்குள் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ட்ரம்ஸோடு வந்த பழைய ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்தோம். ஒருவன் மிதிக்க மற்றவன் கேட்க வேண்டும். யார் மிதிப்பது என்பதில் வாதமே இல்லை. "காது என்ரை, கால் உன்ரை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். எனக்குத் தாளமும் வராது, சுருதியும் வராது என்பது ஊரறிந்த கதை.

மிதி குறைந்தால் ரேப் சுற்றுவதும் குறையும், பாட்டு இழுபட்டுச் சுருதியும் கீழே இறங்கும். "கெதியா மிதியடா, பெரியவருக்கு நித்திரை வருது" என்று கத்துவாய். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் மிதிப்பேன். பிறகு கால் தளரும். மத்தியானம் அரைவயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டவன் எவ்வளவு நேரம் மிதிப்பான்? நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, ஒரு திருகாணியைக் கால் சுற்று இறுக்குவாய், பிறகு இளக்குவாய். தட்டிப் பார்ப்பாய். தலையை ஆட்டுவாய். "கிட்ட வந்திட்டுது" என்பாய். 'கிட்ட' என்பதற்கு மேலே ஒரு நாளும் போனதில்லை.

ஒரு நாள் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "எங்கடை வீட்டிலை கேக்கேக்கை இப்பிடி இல்லையடா. அப்பாவின்ரை பெரிய ஸ்பீக்கரிலை இன்னும் மேலை நிண்டது."

எனக்குப் பசி. சைக்கிளை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. "எட்டு வருசத்துக்கு முந்திக் கேட்டது உனக்கு நினைவிருக்கே? கசெற் பொய் சொல்லுமே?" என்றேன்.

கொழும்பு வீட்டைப் பற்றிய கதையில் நீ எப்போதும் தோற்றுப்போவாய், அது எனக்கு நன்றாகத் தெரியும். சாவியை எடுத்து எல்லாத் திருகாணியையும் இன்னும் கொஞ்சம் இளக்கினாய். உன் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது மச்சான். பொய் சொன்னது என் கால். இதை நான் நேற்றுத்தான் அறிந்தேன்.

அப்படி இளக்கிய ட்ரம்மை நீ முதல் நாள் காலால் அடித்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? நாலாவது அடிக்குப் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் குதித்துவிட்டா. இராணுவ முகாமிலிருந்து செல்லைக் குத்தி ஏவுகிற சத்தம் அப்படித்தான் வரும், அடிவயிற்றில் 'தொம்' என்று. அது கேட்டால் பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் செல் வந்து விழும். எண்ணத் தெரியாத பிள்ளைகளும் அந்தச் சத்தத்துக்கு ஓடத் தெரிந்திருந்த காலம். அரை மணித்தியாலம் கழித்து அக்கா தலை முழுக்க மண்ணோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பியவை, உங்களுக்கென்ன விசரே? நான் புட்டை அடுப்பிலை கருக விட்டிட்டுப் பங்கருக்கை இருக்கிறன், நீங்கள் மேளம் தட்டுறியளோ?"

நாங்கள் சிரித்தோம். அவவும் கடைசியில் சிரித்தா. பிறகு எங்கள் ஒடுங்கின ஒழுங்கையில் இருந்த வீட்டுக்காரர் எல்லோரும் கூடி ஒரு ஏற்பாடு வைத்தார்கள். பின்னேரம் நாலிலிருந்து ஐந்து மட்டும் எங்கள் நேரம். தொடங்குமுன் நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு ஒழுங்கையில் ஒரு தரம் போய்வர வேண்டும். மணி கேட்டால் அதற்குப் பிறகு வருவது ட்ரம். இரண்டு கிழமையில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் ஓடுவதில்லை. ஊர் முழுக்கப் பயந்து கிடக்கும்போது எங்களால் சனம் ஒரு மணித்தியாலம் பயமில்லாமல் இருக்கிறது என்று நீ பெருமைகூடப் பட்டாய். நானும் பட்டேன்.

அன்றைக்கு நான் மணி அடித்துவிட்டு வந்ததும் நீ எழும்பி நின்றாய். "கிட்ட இருந்து கேட்டாச் சரிவராது. நீ இரு, நான் ஒழுங்கை திரும்புற முடக்கிலை நிண்டு கேக்கிறன்" என்றாய்.

"நானோ? எனக்கு அடிக்கத் தெரியாதடா."

"உன்னை ஆர் வாசிக்கச் சொன்னது? நாலு எண்ணிப்போட்டுக் காலாலை ஒண்டு. பேந்து நாலு, பேந்து ஒண்டு. அதுக்கு மேலை விளையாடாதை."

போகும்போது, "எண்ணுறதிலையும் பிழை விடுவாய், எனக்குத் தெரியும்" என்று திரும்பிச் சிரித்துவிட்டுப் போனாய். நான் எண்ணினேன். நாலு, ஒன்று. நாலு, ஒன்று. கொட்டிலின் கிடுகு அதிர்ந்தது. எத்தனை அடித்தேனோ தெரியாது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், கால் மேலே நிற்கிறது, 'தொம்' என்று கேட்டது.

என் கால் மேலேதான் நின்றது, மச்சான். அது என் அடியில்லை என்பது அந்த ஒழுங்கையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பங்கர் கொட்டிலுக்குப் பின்னால் நாலு எட்டில் இருந்தது. எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது, போயிருந்தேன். காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று எல்லோரையும் பழக்கியிருந்தார்களே, நான் வாயைத் திறந்துகொண்டு குந்தியிருந்தேன். அப்போதுதான் உன் குரல் கேட்டது. முடக்கிலிருந்து, தொண்டை கிழிய, அவ்வளவு சந்தோசமாக.

"அதுதானடா மச்சான்! அதுதான்! இனி ஒரு திருகும் திருகாதை!"

ஒரு வருசம் நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. என் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை.

ஒழுங்கை முடக்கில் நான் என்ன கண்டேன் என்று உனக்கு எழுதப் போவதில்லை. கிளுவை வேலி பத்து முழத்துக்குச் சரிந்து கிடந்தது. ஒழுங்கைக்குள் வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. செத்தவீட்டில் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உங்கடை மேளம் எண்டு நினைச்சு அடுப்படியிலைதானே தம்பி இருந்தனான்" என்று அழுதா. எல்லோரும் அப்படியே சொன்னார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ட்ரம்மில் இருந்தவனுக்கு என்ன கேட்டிருக்கும் என்று அவர்களாகவே தீர்மானித்துவிட்டார்கள்.

உன் அம்மா மட்டும் கேட்டா, எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த அன்று.

"தம்பி, அவனுக்குக் குத்தின சத்தம் கேட்டிருக்குமே? பயந்திருப்பானே?"

"இல்லையம்மா. ஒண்டும் கேட்டிருக்காது."

"அப்ப பயப்பிடேல்லை" என்றா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனா. அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். அவ சாகும் மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்க் குடித்தேன். பயப்படவில்லை என்பது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு நாளும் எனக்கு ஆறுதல் கிடைத்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு ஓடினபோது அம்மா உரலைக்கூட ஏற்றச் சொன்னா. ட்ரம்ஸை ஏற்றவா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். திரும்பி வந்தபோது கொட்டிலுமில்லை, அதுவுமில்லை. எனக்குக் கவலை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

நேற்றுப் பாட்டைக் கேட்டபின் கொஞ்ச நேரம் பழியை ட்ரம்மின் மேலே போட்டுப் பார்த்தேன். நான் ஒழுங்காக மிதித்திருந்தால் அது மேலே நின்றிருக்கும், முகாமின் சத்தத்தோடு ஒத்திருக்காது, நீ ஓடியிருப்பாய். இதுவும் உண்மைதான். ஆனால் இது ஒரு வசதியான உண்மை. பசியில் கால் தளர்ந்ததை யாரும் மன்னிப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே மன்னிப்பாய். நான் சுமப்பது அதை அல்ல. எனக்கு நேரம் இருந்தது. இதை எழுதும்போது வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தும் பன்னிரண்டில் ஏழு மிச்சம் இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் நூறு மீற்றர் ஓடினவன். ஏழு உனக்குப் போதும்.

இப்போது சொல்கிறேன். அது நானில்லை மச்சான். ஓடு.