ஒன்பது ஞாயிறு பேசிய குரல்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் இங்கே நலம், முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு மாதிரி சொல்லும். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. குட்டிக்கு இரண்டு பல் முளைத்திருக்கும் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார், எதையோ செய்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி சிரிக்கிற அந்தச் சிரிப்பு அச்சு அசல் உன் அம்மாவுடையது. உன் அறையை ஒழித்துவிட்டேன், கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன், குழந்தை உருண்டு விழக் கூடாது பார். குளியலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் மூன்று வாரமாக நாளைக்கு நாளைக்கு என்று டபாய்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வருவதற்குள் அவர் வராவிட்டால் நானே ஸ்பேனரை எடுத்துவிடுவேன், இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டையே பழுது பார்த்தவனுக்கு ஒரு குழாய் பெரிய விஷயமா.

தினம் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போன வாரம் நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. அம்மா உன்னோடு கடைசியாகப் பேசியது உன் போனில் பதிவாகி இருக்கிறது என்றும், அவள் போய் ஒரு வருஷம் ஆவதற்காக அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த மாதம் வைக்கிற கூட்டத்தில் அதை எல்லோரும் கேட்கப் போட்டுக் காட்டப் போவதாகவும் சொன்னாய். அதோடு விட்டாயா, நாப்பது தடவ கேட்டுட்டேன்ப்பா, நான் பேசிட்டு இருக்கும்போதே அம்மா பட்டுன்னு வெச்சுட்டாங்க, என் மேல கோவமா, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா என்று கேட்டு அழுதாய். நான் சிக்னல் போயிருக்கும் என்று பூசி மெழுகினேன். வைத்த பிறகு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். போனில்தான் உன்னிடம் பொய் சொன்னோம், அதே போனில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் தாளை எடுத்தேன். குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

கடைசி ஒன்பது ஞாயிற்றுக்கிழமையும் உன்னோடு பேசியது அம்மாவின் குரல் இல்லை. சித்தியின் குரல். உன் அம்மா திடீரென்று நெஞ்சில் சளி கட்டி இரண்டே நாளில் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பாதிதான் உண்மை. அதற்கு முன்பே தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நீ அப்போது ஆறாவது மாதம். இரண்டு தடவை கலைந்து போன பிறகு தங்கிய கரு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று உன் டாக்டர் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தால் நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று உன் அம்மாவுக்குத் தெரியும், ஆபரேஷனுக்கு முன்னால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கொழந்த பொறந்ததும் நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீங்க வாயத் தொறந்தா நான் உங்கள விட்டுட்டுப் போயிடுவேன் என்றாள். வாயைத் திறக்காமல் இருந்தும் போய்விட்டாள், அது வேறு கதை. நான் சம்மதித்தேன். அவள் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர்களும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இதில் தப்பு என்றால் பெரிய தப்பு என்னுடையது.

சித்தி எப்படி இதற்கு உடந்தையானாள் என்று கேட்பாய். அம்மாவோடு கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு அவளைச் சித்தியாகத்தான் தெரியும், அவர்கள் இரண்டு பேரும் வேலை பார்த்ததை நீ பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி போன் அறையில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தால் இன்னொருத்தி அவளுடைய போனையும் எடுத்துப் பேச வேண்டும், பேசுகிறவருக்கு ஆள் மாறியது தெரியவே கூடாது, அதுதான் அந்த அறையின் சட்டம். பேசிப் பேசி இரண்டு குரலும் ஒரே குரலாகிவிட்டது. எனக்கே மூக்கு உடைந்திருக்கிறது கேள். கல்யாணமான புதிதில் லிஃப்ட் அறையிலிருந்து போன் செய்து, காலையில் சண்டை போட்டதற்காகக் கொஞ்சிக் குழைந்து பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் லைன்ல இருங்க மாமா, உங்க சம்சாரம் இப்பதான் டீ குடிச்சிட்டு வர்றா, குடுக்கறேன் என்றாள் சித்தி. ஒரு வாரம் போன் அறை இருந்த மாடிப் பக்கமே நான் போகவில்லை, இவர்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. ஆள் மாறினாலும் எதிர்முனைக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் யோசித்தார்கள், நீ போனில் வருகிற யாரோ ஒருவர் இல்லை, பெற்ற பிள்ளை என்பது இந்த மூன்று மரமண்டைகளுக்கும் உறைக்கவில்லை. முகம் பார்த்துப் பேசுகிற போன் உன் அம்மாவுக்கு எப்போதும் ஆகாது, நான் காதால பொழச்சவ, மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது என்பாளே, அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவாள். நீ பேசுவது ஸ்பீக்கரில் வரும், அவள் எழுதுவாள், சித்தி வாசிப்பாள். ஆகவே நீ கேட்ட வார்த்தை அத்தனையும் உன் அம்மாவுடையது, அதில் கலப்படம் இல்லை. சித்தி சொந்தமாக ஒரு வரி சேர்த்தால்கூடக் கட்டில் கம்பியில் பேனாவால் டக் டக்கென்று தட்டுவாள். ஒரு தடவை நீ சித்தி எப்படி இருக்காங்க என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா, அவளுக்கென்ன, தின்னு தின்னு பூசணிக்காய் மாதிரி ஊதிட்டா என்று உன் அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள். பாவம், தன்னைப் பற்றித் தன் வாயாலேயே அதை வாசித்துவிட்டு சித்தி முறைத்தாள், உன் அம்மா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்போது இந்த வீட்டில் நோய் இருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அழுகை இருந்ததில்லை, அதை நீ நம்ப வேண்டும். உன்னிடம் இருக்கிற பதிவை இன்னொரு தடவை காது கொடுத்துக் கேள், பேச்சுக்குப் பின்னால் அந்த டக் டக் கேட்கும். அது அவள்தான்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடைசி ஞாயிறு அவளுக்கு லேசாகக் காய்ச்சல், படுத்துக்கொள் என்றால் கேட்கவில்லை. நீ வயிற்றில் குழந்தை உதைப்பதைப் பற்றிச் சொன்னாய், பிறகு பக்கத்து வீட்டுக்காரி தொட்டில் கொடுத்தது, மாப்பிள்ளை அதைத் தலைகீழாகப் பூட்டியது என்று பேசிக்கொண்டே போனாய். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அம்மா, நான் தொணதொணன்னு பேசறேன், நீ டயர்டா இருப்ப, வெச்சிடட்டுமா என்று நீ கேட்டாய். அவள் கண்ணைத் திறந்து அவசரமாக எழுதி நோட்டைச் சித்தி பக்கம் தள்ளினாள். சித்தி படித்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்குச் சாவுச் செய்தி சொன்ன குரல், அன்றைக்கு உடைந்துவிட்டது. அழுகையோடு ஒரு வார்த்தை வந்தாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து பட்டென்று போனை வைத்துவிட்டாள். உன் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள் பார், இருபத்தாறு வருஷ சிநேகிதத்தில் அப்படி அவளைப் பார்த்ததே இல்லை. பிறகு அவளே கையை நீட்டி சித்தியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். புதன்கிழமை அவள் போய்விட்டாள்.

நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன், அப்பாதானே. சித்தியிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அவள் இந்த ஒரு வருஷமாக உன் போனை எடுப்பதில்லை என்று குறைபட்டாயே, இதனால்தான். வாயைத் திறந்தால் உனக்கு அம்மா குரல் கேட்கும் என்று பயப்படுகிறாள். கூட்டத்துக்கும் வர மாட்டேன் என்கிறாள், அவ வந்து என்னக் கேக்கட்டும், அடிக்கட்டும், அதுக்கப்புறம் வர்றேன் மாமா என்று பிடிவாதம். பதிவைக் கூட்டத்தில் போடுவதும் போடாததும் உன் விருப்பம். போடுவதானால் அது யாருடைய குரல் என்று சொல்லிவிட்டுப் போடு, மறைத்தது போதும்.

நோட்டிலிருந்து அந்தக் கடைசித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துக் கொடுத்தது சித்திதான், எனக்குக் கை வரவில்லை. காய்ச்சலில் எழுதியது, எழுத்து கோணலாக இருக்கும், உனக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால் என்று நானும் கீழே எழுதுகிறேன்.

"வெச்சுடாதடி. அவ பேசிட்டே இருக்கட்டும். எனக்கு இன்னும் கேக்கணும்."

நீ உன் குழந்தையோடும் மாப்பிள்ளையோடும் நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு. குட்டிக்கு விமானத்தில் காது வலிக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு. கனமான பெட்டியை நீ தூக்காதே. இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம், முதலில் சித்தியைக் கூப்பிடு. எடுக்க மாட்டாள், எடுக்கிற வரைக்கும் விடாதே.

உன் அன்புள்ள
அப்பா